சைக்கிளுக்கு ஒரு பாதை!

திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டித் தொழில் வட்டாரத்தின் தேவை

எண்ணெய் குடிக்காத வண்டி. வைக்கோல் தின்னாத குதிரை. அது என்ன?

இந்த விடுகதைக்குச் சின்னப் பிள்ளை கூட விடை சொல்லிவிடும். சைக்கிள்!

சைக்கிள் ஓட்ட லைசென்ஸ் வேண்டாம். பெட்ரோல் வேண்டாம். ஒரு முறை வாங்கினால் போதும். டயரையும் டியூபையும் மாற்றிக்கொண்டு பல ஆண்டுகள் ஓட்டலாம். ஏழையின் வாகனம் என்று அதற்குப் பெயர் வந்தது இதனால்தான்.

ஆனால் சைக்கிளில் போகிறவருக்கு ஒரு பெரிய குறை உண்டு. சாலையில் அவருக்கென்று இடம் இல்லை. நடுவில் போனால் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். ஓரத்தில் போனால் மணலும் பள்ளமும் சறுக்கிவிடுகின்றன. ஓரத்தில் லாரி நின்றுவிட்டாலோ, மறுபடியும் நடுச் சாலைக்குத்தான் வர வேண்டும். அப்போது பின்னால் என்ன வருகிறது என்பது அவருக்குத் தெரியாது!

இந்தக் குறையைத் தீர்க்க வழி உண்டா? உண்டு. அதற்குத் திட்டமும் வேண்டும், பணமும் வேண்டும். இரண்டும் எங்கிருந்து வரும் என்பதைப் பார்ப்போம்.

லாரிகளின் நடுவே

சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. ஆந்திர எல்லை அதற்குப் பக்கம். அங்கே 'சிப்காட்' தொழிற்பேட்டை இருக்கிறது. இரும்பு ஆலைகள் உள்பட எத்தனையோ தொழிற்சாலைகள் இரவும் பகலும் நடக்கின்றன.

பக்கத்துக் கிராமங்களில் இருந்து ஆண்களும் பெண்களும் வேலைக்கு வருகிறார்கள். பொன்னேரி, கவரைப்பேட்டை, எளாவூர், ஆரம்பாக்கம் ஆகிய ஊர்களில் இருந்து மின்சார ரெயிலில் வந்து இறங்குகிறவர்களும் உண்டு. இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இங்கே பல ஆண்டுகளாக இருக்கிறது. வட மாநிலங்களில் இருந்து பிழைக்க வந்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு மோட்டார் சைக்கிள் வாங்க வசதி கிடையாது.

இந்த ஊரை ஒட்டித்தான் சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை போகிறது. பழைய பெயர் ஜி.என்.டி. சாலை. இப்போதைய எண் 16. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் உள்ள துறைமுகங்களுக்குப் பெட்டிச் சரக்கு லாரிகள் ஓடும் வட்டாரம் இது. அவற்றுக்கு நடுவேதான் சாப்பாட்டுத் தூக்கை மாட்டிக்கொண்டு தொழிலாளி சைக்கிள் மிதிக்க வேண்டும்.

மேற்கே திருவள்ளூரிலும் இதே நிலைதான். அங்கே காக்களூரில் தொழிற்பேட்டை இருக்கிறது. சென்னை–அரக்கோணம் ரெயில் பாதையில் திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர் என்று வரிசையாக ஸ்டேஷன்கள். ஸ்டேஷன் வரைக்கும் ரெயில் கொண்டுவந்து விடும். அதற்கு அப்பால்?

அதற்கு அப்பால் உள்ள தூரம் நடக்க அதிகம். பஸ்சுக்குக் காத்திருக்கக் குறைவு. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் 5 கிலோமீட்டரை 25 நிமிடத்தில் கடந்துவிடலாம். சைக்கிளுக்கென்றே அளந்து வைத்த தூரம்! மலை கிடையாது; மேடு கிடையாது. பெரும்பாலும் சமவெளி. இயற்கை உதவி செய்கிறது. சாலைதான் உதவி செய்யவில்லை.

சைக்கிள் செய்த மாவட்டம்

திருவள்ளூர் மாவட்டத்துக்கும் சைக்கிளுக்கும் பழைய உறவு உண்டு.

1949-ம் ஆண்டில் முருகப்பா குடும்பத்தினரும் இங்கிலாந்து நாட்டின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தாரும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள் கம்பெனியைத் தொடங்கினார்கள். தொழிற்சாலை அமைந்த இடம் அம்பத்தூர். 'ஹெர்குலிஸ்', 'பி.எஸ்.ஏ.' என்ற பெயர்களைக் கேட்டால் இன்றைய தாத்தாக்களின் முகம் மலரும். கல்யாணச் சீரில் சைக்கிள் கேட்ட காலம் அது!

1997-ம் ஆண்டில் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்துத் திருவள்ளூர் மாவட்டம் உண்டாயிற்று. அம்பத்தூர் அதில் இருந்தது. 2018-ம் ஆண்டில்தான் அது சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது. நாட்டுக்கே சைக்கிள் செய்து அனுப்பிய வட்டாரத்தில் சைக்கிள் போக ஒழுங்கான பாதை இல்லை என்றால், அது விசித்திரம் அல்லவா?

"இப்போது யார் சைக்கிளில் போகிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு அதற்குப் பதில் சொல்கிறது. இந்தியாவில் விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைகளுக்குச் சைக்கிளில் போனவர்கள் சுமார் 2 கோடியே 60 லட்சம் பேர். அதாவது 100-க்கு 13 பேர். அன்றைக்கு 100 வீடுகளில் 45 வீட்டில் சைக்கிள் இருந்தது. கார் இருந்தது 5 வீட்டில் கூட இல்லை! அதன் பிறகு மோட்டார் சைக்கிள் பெருகிவிட்டது உண்மைதான். ஆனால் சைக்கிளைக் கைவிட்டவர்கள் எல்லோரும் விருப்பப்பட்டா கைவிட்டார்கள்? சாலைக்குப் பயந்து விட்டவர்களும் உண்டு.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அந்த ஆண்டில் அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள்!

சைக்கிள் கொடுத்தார்கள், பாதை?

தமிழ்நாட்டு அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறது. 2001-ம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இத்திட்டம் தொடங்கியது. 2005-ம் ஆண்டில் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் 1 படிக்கும் எல்லோருக்கும் விரிந்தது.

இதனால் என்ன பயன்? பீகார் மாநிலத்தைப் பாருங்கள். அங்கே 2006-ம் ஆண்டில் 9-ம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் அதிகரித்திருந்தார்கள்! பள்ளிக்கூடம் தூரமாக இருந்த கிராமங்களில்தான் அதிகப் பயன்.

நம் புதுக்கோட்டையில் அதற்கு முன்பே ஒரு புரட்சி நடந்தது. 1991-ம் ஆண்டில் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்து கற்ற பெண்கள் சைக்கிளும் கற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். கேலி பேசியவர்கள் பலர். தாய்மார்கள் பொருட்படுத்தவில்லை. லட்சக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். கல் உடைக்கும் தொழிலாளிப் பெண்களும் அவர்களில் உண்டு. "பஸ்சுக்காகக் காத்து நிற்க வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம்" என்ற நிலை வந்தது. பலரின் கதையைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுத, உலகமே படித்தது.

சைக்கிள் வந்தால் படிப்பு வருகிறது, வேலை வருகிறது, தன்னம்பிக்கை வருகிறது. ஆனால் ஒரு தாய், "மெயின் ரோட்டில் லாரி போகிறது, சைக்கிளை எடுக்காதே" என்று மகளைத் தடுத்தால், கொடுத்த சைக்கிள் திண்ணையில் துரு ஏறும். தாயைக் குறை சொல்ல முடியுமா?

ஒரு தகப்பனின் கண்ணீர்

ஹாலந்து நாடு இன்று சைக்கிள் நாடு. அங்கே சுமார் 35 ஆயிரம் கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதைகள் உண்டு. ஆனால் அவை தானாக வரவில்லை.

இரண்டாவது உலகப் போருக்குப் பிறகு அங்கேயும் கார்கள் பெருகின. சைக்கிள்கள் ஒதுங்கின. 1971-ம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 3,300 பேர் வரை மாண்டார்கள். அவர்களில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள்!

விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர் தன் சின்ன மகளை இப்படிப் பறிகொடுத்தார். 1972-ம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பது தலைப்பு. அதுவே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர்கள் வீதிக்கு வந்தார்கள். 1973-ல் பெட்ரோல் பஞ்சம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவிட்டது. காலியான சாலைகளில் குழந்தைகள் சைக்கிள் விட்டார்கள். கார் இல்லாத சாலை எப்படி இருக்கும் என்பதை மக்கள் கண்ணால் கண்டார்கள். அதன் பிறகுதான் பாதைகள் பெருகின.

முதலில் எண்ண வேண்டும்

சரி, நம் ஊரில் எப்படித் தொடங்குவது? முதல் வேலை, எண்ணுவது.

இந்தியச் சாலை காங்கிரஸ் என்ற அமைப்பு சாலைகளுக்கு விதிமுறை வகுக்கிறது. 1962-ம் ஆண்டிலேயே அது சைக்கிள் பாதைக்கும் விதி எழுதிவிட்டது! அந்த விதி சொன்னது இதுதான்: ஒரு சாலையில் மணிக்கு 100 முதல் 200 வரை மோட்டார் வண்டிகள் போகின்றனவா? நெரிசல் நேரத்தில் 400 சைக்கிள் போனால் தனிப் பாதை போடலாம். மோட்டார் வண்டிகள் 200-க்கு மேலா? 100 சைக்கிள் போனாலே தனிப் பாதை நியாயம். அகலம் குறைந்தது 2 மீட்டர். முந்திச் செல்ல இடம் வேண்டுமானால் 3 மீட்டர். 2015-ம் ஆண்டில் இந்த விதிகளைத் திருத்திப் புதிதாக வெளியிட்டார்கள்.

ஷிப்டு மாறும் நேரத்தில் தொழிற்பேட்டை வாசலில் நின்று எண்ணினால் கணக்குக் கிடைத்துவிடும். கல்லூரி மாணவர்களே இதைச் செய்யலாம். ஒரு எச்சரிக்கை: பயத்தால் வராதவர்களை எண்ண முடியாது. ஆற்றில் பாலம் இல்லாதபோது நீந்திக் கடப்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு, "பாலம் தேவையில்லை" என்று சொல்லலாமா?

இரண்டாவது வேலை, படம் வரைவது. ரெயில் நிலையம், தொழிற்சாலை வாசல், பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி இவற்றைப் படத்தில் குறிக்க வேண்டும். பிறகு கோடு போட்டு இணைக்க வேண்டும். திருவள்ளூரில் இருந்து கும்மிடிப்பூண்டி வரை ஒரே நீளமாகப் பாதை தேவையில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனைச் சுற்றிலும் 5 கிலோமீட்டருக்குள் நல்ல பாதைகள் இருந்தால் போதும். நீண்ட தூரத்துக்கு ரெயில். குறுகிய தூரத்துக்குச் சைக்கிள். ஸ்டேஷனில் பூட்டி வைக்க நல்ல சைக்கிள் ஸ்டாண்டும் வேண்டும்.

எல்லா இடத்திலும் தனிப் பாதை போட வேண்டும் என்பதும் இல்லை. லாரி ஓடும் சாலையில் தடுப்புடன் தனிப் பாதை வேண்டும். கிராமத்துத் தெருவில் வேகத்தடையும் விளக்கும் போதும். ஏரிக்கரையும் கால்வாய்க்கரையும் கூட உதவலாம். ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டுக்குள் நுழையும் கிருஷ்ணா கால்வாய், பூண்டி வரை 25 கிலோமீட்டர் ஓடுகிறது. நீர்வளத்துறையார் சம்மதித்தால் இத்தகைய கரைகளில் லாரியின் தொந்தரவே இருக்காது.

பாதை சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி இல்லை. நாலு கிலோமீட்டர் நல்ல பாதை போட்டுவிட்டு, நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் கைவிட்டால், போட்டது வீண்.

ஒரு பாதை, ஐந்து சொந்தக்காரர்கள்

இங்கேதான் சிக்கல் வருகிறது. ஒரு தொழிலாளி வீட்டில் இருந்து புறப்படுகிறார். அவர் தெரு பஞ்சாயத்துக்குச் சொந்தம். அடுத்த சாலை மாநில நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். பெரிய சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்குச் சொந்தம். தொழிற்பேட்டைக்குள் நுழைந்தால் சிப்காட். நடுவில் ரெயில்வே கேட் வந்தால் ரெயில்வே இலாகா!

அரை மணி நேரப் பயணத்தில் ஐந்து சொந்தக்காரர்கள். ஒருவர் போட்டு, மற்றவர் போடாவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கக் கூடியவர் மாவட்டக் கலெக்டர். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் அவரே தலைவர்.

இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. 2022-ம் ஆண்டில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரில் இருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவுபடுத்தினார்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அதில் வந்துவிட்டது. எண்ணூர் துறைமுகத்தில் இருந்து மாமல்லபுரம் பக்கம் வரை சுமார் 133 கிலோமீட்டருக்குச் சென்னை எல்லைச் சாலைத் திட்டமும் இந்த மாவட்டத்தின் வழியாகவே போகிறது. புதிய சாலைக்குப் படம் வரையும்போதே சைக்கிளுக்கும் இடம் ஒதுக்கினால் செலவு குறைவு. பிறகு இடித்துக் கட்டினால் செலவு இரட்டிப்பு. வீடு கட்டும்போதே ஜன்னல் வைப்பதுதானே புத்திசாலித்தனம்?

பணத்துக்கு எங்கே போவது?

"திட்டம் நல்ல திட்டம்தான், பணம்?" இது அடுத்த கேள்வி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 7 மீட்டர் அகலச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு 7,000 சதுர மீட்டர். 2 மீட்டர் அகலச் சைக்கிள் பாதை 2,000 சதுர மீட்டர். இரு புறமும் போட்டால் கூட 4,000 தான். லாரி ஏறாத பாதை என்பதால் கனமான அடித்தளமும் வேண்டாம். ஆகவே பெரிய சாலைக்குச் செலவிடும் பணத்தில் சிறு பங்கே போதும்.

சென்னை மாநகராட்சி 2014-ம் ஆண்டில் ஒரு கொள்கையை ஏற்றது. இந்தியாவிலேயே முதல் முதலாக இப்படிச் செய்த நகரம் சென்னை. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதத்தை நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிட வேண்டும் என்பது அந்தக் கொள்கை. பல சாலைகளில் நடைபாதை அகலமாயிற்று. 2019-ம் ஆண்டில் பாண்டி பஜாரே புது வடிவம் பெற்றது. சைக்கிள் பாதைதான் அந்த வேகத்தில் வளரவில்லை. அந்த 60 சதவீதம் வேண்டாம். திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி உள்ளாட்சி மன்றங்கள் சாலைப் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினாலே தொடக்கம் ஆகிவிடும்.

வேறு வழிகளும் உண்டு. பாராளுமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். சட்டசபை உறுப்பினருக்கு 3 கோடி ரூபாய். விளக்கு, சைக்கிள் ஸ்டாண்டு போன்ற வேலைகளை அவர்களிடம் கேட்கலாம்.

தொழிற்சாலைகளுக்கும் கடமை உண்டு. 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கம்பெனிகள் சேர்ந்து தங்கள் பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு ஒரு பாதை போடலாமே! தொழிலாளி பத்திரமாக வந்து சேர்வது கம்பெனிக்கும் லாபம்தான்.

'நமக்கு நாமே' திட்டத்தையும் மறக்கக் கூடாது. மக்கள் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசாங்கம் போடும். ஊரே சேர்ந்து பணம் போட்ட பாதையில் குப்பை கொட்ட யாருக்கும் மனம் வராது.

பிறர் கற்றுத் தந்த பாடம்

பாதை போட்டுவிட்டால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு.

உத்தரப் பிரதேசத்தில் 2016-ம் ஆண்டில் எட்டாவாவில் இருந்து ஆக்ரா வரை 207 கிலோமீட்டருக்குச் சைக்கிள் நெடுஞ்சாலை திறந்தார்கள். ஐதராபாத்தில் 2023-ம் ஆண்டில் வெளிவட்டச் சாலை ஓரமாக 23 கிலோமீட்டருக்குப் பாதை போட்டு, மேலே சூரிய மின்சாரத் தகடுகளால் கூரையே வேய்ந்தார்கள். பார்க்க அழகு! ஆனால் உடற்பயிற்சிக்குப் போகிறவரின் தேவை வேறு; வேலைக்குப் போகிறவரின் தேவை வேறு. தொழிலாளிக்கு அழகை விட முக்கியம், வீட்டு வாசலில் இருந்து ஆலை வாசல் வரை அறுபடாத வழி.

ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்று பேர் எடுத்த புனாவில் பல பாதைகளை வண்டிகளும் கடைகளும் பிடித்துக்கொண்டன. அதனால் 2017-ம் ஆண்டில் மாநகராட்சி மறுபடியும் முழுத் திட்டம் தயாரிக்க வேண்டி வந்தது.

கும்மிடிப்பூண்டியிலும் லாரிகளுக்குத் தனியாக நிற்க இடம் கொடுக்காவிட்டால், சைக்கிள் பாதைதான் லாரி ஸ்டாண்டாக மாறும். லாரி டிரைவரும் உழைப்பாளிதான். அவருக்கும் ஓர் இடம் வேண்டும். ஆகவே போடுகிற பணத்தோடு பராமரிக்கிற பணத்தையும் முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். உடைந்த விளக்கை மாற்றுவது யார், மணலைப் பெருக்குவது யார் என்று பெயர் போட்டு முடிவு செய்ய வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

சைக்கிளின் மீதான ஜி.எஸ்.டி. வரியை 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். சைக்கிள் வாங்குவது சற்று எளிதாயிற்று. அதை ஓட்டுவதும் எளிதாக வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த நாளில் போய் உட்காருங்கள். "எங்கள் ஊரில் இருந்து ஸ்டேஷனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பத்திரமான சைக்கிள் வழி வேண்டும்" என்று தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் இருட்டு, எந்த வளைவில் விபத்து என்று தாளில் எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. அங்கேயும் மனு கொடுக்கலாம். தனியாகப் போக வேண்டாம். பத்து ஊர் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். ஐந்து இலாகாக்களும் ஒரே மேஜைக்கு வர வேண்டுமானால், கேட்கிற மக்கள் முதலில் ஒன்று சேர வேண்டும்.

இரண்டு மீட்டர் அகலம். அதற்கு மேல் சைக்கிள்காரர் கேட்கவில்லை. அந்த இரண்டு மீட்டர் கிடைத்தால், வேலைக்குப் போன தகப்பன் பொழுதோடு வீடு திரும்புவான். பள்ளிக்குப் போன மகளை நினைத்துத் தாய் வாசலில் நின்று தவிக்க மாட்டாள்!